குரங்குவால் அரணை: இலை தின்பதால் என்னவெல்லாம் மாறுகிறது?

மதுரைப் பக்கத்தில் அரணையைப் பார்க்காதவர்கள் குறைவு. வேலியோரச் சருகில் சரசரவென்று சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் செம்பு நிற உடம்பொன்று கல்லிடுக்கில் நுழைந்துகொண்டிருக்கும். பாம்பரணை, பாம்புராணி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும், பழக்கம் மாறாது. தரையில் திரியும், பூச்சி தின்னும், மண்ணில் முட்டையிடும், தன் பாட்டுக்குத் தனியாக இருக்கும்.

பசிபிக் பெருங்கடலில் உள்ள சாலமன் தீவுகளில் இதே அரணைக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் உயிர் இருக்கிறது. மேலே சொன்ன நான்கும் அதற்குப் பொருந்தாது. மரத்தை விட்டு இறங்குவதே அபூர்வம். சாப்பாடு இலை. குட்டி போடும், அதுவும் பெரும்பாலும் ஒரு பேறுக்கு ஒன்று. உறவுகளோடு கூட்டமாக இருக்கும். வாலால் கிளையைச் சுற்றிப் பிடிப்பதால் குரங்குவால் அரணை என்கிறார்கள். அறிவியல் பெயர் கொரூசியா ஜெப்ராட்டா. 1855-ல் ஜான் எட்வர்ட் கிரே என்ற விலங்கியலாளர் வைத்த பெயர்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த விந்தைகளைத் தனித்தனியாக அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் பார்வையில் இவை தனித்தனி விந்தைகள் இல்லை. இலை தின்பது என்ற ஒரு நுனியைப் பிடித்தால் உடம்பின் அளவு, நடையின் வேகம், வால், ஒற்றைக் குட்டி, கூட்டம், கடைசியில் அதற்கு வந்திருக்கும் ஆபத்து வரை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

முதலில், அரணை எது?

நம் வீட்டிலும் தோட்டத்திலும் நடமாடும் ஊர்வனவற்றில் நான்கைப் பிரித்தறிந்தால் போதும்.

வீட்டுப் பல்லிக்குக் கண்ணிமை கிடையாது. கண்ணை நாக்கால் நக்கித்தான் துடைத்துக்கொள்ளும். ஓணானுக்குத் தலை தனியாக, கழுத்து தெளிவாகத் தெரியும். தோல் சொரசொரப்பாக இருக்கும், முதுகில் முள்வரிசை ஓடும். உடும்பு உருவத்தில் பெரியது. பிளவுபட்ட நீண்ட நாக்கை அடிக்கடி வெளியே நீட்டும். அரணைக்குத் தலையும் உடம்பும் ஒரே அகலத்தில் தொடர்வதால் கழுத்து எங்கே என்றே தெரியாது. கால்கள் குட்டை. இமை மூடித் திறக்கும். செதில்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பளபளக்கும். ஒவ்வொரு செதிலுக்கும் அடியில் மெல்லிய எலும்புத் தகடு இருக்கிறது. மெலிந்த உடம்பாகத் தெரிந்தாலும் கையில் எடுத்தால் இறுக்கமாக இருப்பது அதனால்தான்.

நம் ஊரில் அதிகம் காணப்படும் அரணையின் முதுகுச் செதில்களைக் கிட்டத்தில் பார்த்தால், ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் நுண்ணிய வரம்புகள் தெரியும். மூக்கு முதல் வால் நுனி வரை வளர்ந்தது ஏறக்குறைய ஓர் அடி. இந்த ஓர் அடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உலகம் முழுவதும் அரணைக் குடும்பத்தில் 1,700-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட நச்சுடையது இல்லை. “தொடாதடா, அது நக்கினாலே மரணம்” என்று பெரியவர்கள் அதட்டுவது காலங்காலமாக நடக்கிறது. நச்சுப்பை, நச்சுப்பல் எதுவும் அரணைக்குக் கிடையாது. கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவினால் போதும். ஆனால் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். இருட்டில் ஏதோ கடித்தது, என்னவென்று பார்க்கவில்லை என்றால், அரணையாகத்தான் இருக்கும் என்று நாமே முடிவு செய்துகொண்டு படுத்துவிடக் கூடாது. கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் மிகக் குறைவாக இருக்கக்கூடும், பல் பட்ட இடம்கூடத் தெரியாமல் போகும். கடித்தது எதுவென்று தெரியாத நிலையில் அதைப் பாம்புக்கடியாகவே எடுத்துக்கொண்டு, கட்டுப் போடாமல், கீறாமல், கை காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மரமேறும் அரணையும் நமக்கு அந்நியமானது அல்ல. 1891-ல் பௌலஞ்சர் என்ற விலங்கியலாளர் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய தேசியா சப்செருலியா என்ற மர அரணை கிடைத்த இடம் போடிநாயக்கனூர் மலைப்பக்கம். இன்று தேனி மாவட்டம். அன்றைக்கு மதுரை ஜில்லா. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர வேறெங்கும் அது கிடையாது. பார்ப்பது அரிது.

எவ்வளவு பெரியது, எங்கே இருக்கிறது?

இன்று உயிரோடிருக்கும் அரணைகளில் நீளத்தில் பெரியது குரங்குவால் அரணை. முழு வளர்ச்சியில் 80 செ.மீ. வரை போகும். அதில் பாதிக்கு மேல் வால். தலை முக்கோண வடிவில் கனமாக, தாடை தடித்து இருக்கும். உடம்பு சாம்பல் கலந்த பச்சை. அதன்மேல் கறுப்பும் பழுப்புமாகப் புள்ளிகளும் குறுக்குக் கோடுகளும். நகங்கள் வளைந்து கூர்மையாக இருக்கும்.

குவாடல்கனல், மலைட்டா, இசபெல், சுவாசல், மக்கிரா, நியூ ஜார்ஜியா முதலிய சாலமன் தீவுகளிலும், அதே தீவுத்தொடரில் பப்புவா நியூ கினி நாட்டுக்கு உட்பட்ட பூகன்வில், புகா தீவுகளிலும் மட்டுமே இது வாழ்கிறது. வரைபடத்தில் பார்த்தால் மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் இருக்கிறது. சாலமன் தீவுகளின் தலைநகரான ஹோனியாரா தெற்கே 9 பாகை சொச்சத்தில். இரண்டும் நடுக்கோட்டிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தொலைவு. மழையில்தான் வித்தியாசம். நமக்கு ஆண்டுக்கு 850 மி.மீ. வந்தால் நல்ல வருஷம். அந்தத் தீவுகளில் சராசரியாக 3,000 மி.மீ. அளவுக்குப் பெய்கிறது, கோடை என்று காய்ந்து கிடக்கும் காலமும் இல்லை. ஆண்டு முழுவதும் தளிர் கிடைக்கும் காட்டில்தான் ஊர்வன ஒன்று இலையை நம்பி வாழ முடியும். அங்கே குரங்கினமும் கிடையாது. நம் மலைகளில் குரங்கு பறித்துத் தின்னும் தளிரையும் பழத்தையும் அங்கே மர உச்சியில் இந்த அரணை தின்கிறது.

அதன் வீடு பெரும்பாலும் பிற மரத்தைச் சுற்றி வளர்ந்து நெரிக்கும் அத்தி வகை மரங்கள். கொடிகளும் ஒட்டுச்செடிகளும் மூடிய மரம், உள்ளே பொந்துகள். பகலில் பொந்திலோ அடர்ந்த இலைக்குள்ளோ அசையாமல் கிடக்கும். அந்தி மயங்கியதும் மேய வரும்.

மணி பிளான்ட் தின்னும் வயிறு

அதன் விருப்ப உணவுகளில் ஒன்று நம் வீட்டு வாசலில் இருக்கிறது. பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைக்கிறோமே, அந்த மணி பிளான்டும் அதன் நெருங்கிய உறவுக் கொடிகளும்தான். சாலமன் காடுகளில் அந்த வகைக் கொடிகள் மரத்தில் ஏறி, இலைகள் முறம் அளவுக்கு விரியும். நம் ஊரிலும் மாமரத்திலோ தென்னையிலோ ஏறவிட்ட மணி பிளான்டின் இலை அப்படிப் பெருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அந்த இலையை மாடு தின்னாது, நாய் கடித்தால் எச்சில் ஒழுக ஓடும். இலையின் திசுக்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் கட்டுக்கட்டாக ஊசி வடிவில் இருக்கின்றன. கடித்ததும் அவை வாயிலும் தொண்டையிலும் குத்தி அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும். கருணைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் இதே தாவரக் குடும்பம்தான். நறுக்கும்போது கை அரிப்பதும் இதே ஊசிகளால்தான். நாம் அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டு, புளி சேர்த்து வேகவைத்துச் சாப்பிடுகிறோம். குரங்குவால் அரணை அந்த இலையைப் பச்சையாகவே தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் இருக்கிறது.

ஊசியைத் தாங்கிவிட்டால் மட்டும் போதாது, இலையைச் செரிக்கவும் வேண்டும். இலையின் பெரும்பகுதி நார். எந்த ஊர்வனவின் செரிமான நீராலும் நாரை உடைக்க முடியாது. பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றித் தருகின்றன. அதற்கு மூன்று தேவை: இலை நெடுநேரம் தங்கக்கூடிய பெரிய குடல், சீரான வெதுவெதுப்பு, சரியான நுண்ணுயிர்கள்.

பெரிய குடல் வேண்டுமென்றால் பெரிய உடம்பு வேண்டும். பூச்சியில் குறைந்த அளவிலேயே நிறையச் சத்து கிடைத்துவிடுவதால் நம் ஊர் அரணை சிறிய உடம்போடு விரைந்து ஓடி வாழ்கிறது. இலையில் சத்துக் குறைவு. ஓட்டத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் இலை ஓடிப்போகாது, துரத்தவும் வேண்டாம். அதனால்தான் இந்த அரணை ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நிதானமாக நகர்கிறது. சோம்பல் என்று பார்க்கிறவர்கள் நினைப்பது உண்மையில் அந்த உணவுக்கேற்ற நடை.

வால்

பெரிய உடம்பை மெல்லிய கிளை நுனிக்குக் கொண்டுபோவது ஆபத்து. தளிர் இருப்பதோ நுனியில். பின்கிளையில் வாலைச் சுற்றி இறுக்கிக்கொண்டு, முன்னுடம்பை நீட்டி இலையைக் கடிக்கிறது. கால் வழுக்கினாலும் வால் தாங்கும். (அழகர்கோயில் குரங்குகளின் வால் இப்படிப் பற்றாது. தென் அமெரிக்கக் குரங்குகள் சிலவற்றுக்குத்தான் பற்றும் வால் உண்டு. பெயர் அவற்றைப் பார்த்து வந்தது.)

விலங்குக் காப்பகங்களில் இதைக் கையாளுகிறவர்கள் முதலில் பழகுவது, கிளையிலிருந்து எடுக்கும் முறை. நெஞ்சையும் வயிற்றையும் ஒரு கையால் தாங்கி, வாலை நுனியிலிருந்து தொடங்கிச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து, பிறகு ஒவ்வொரு காலாக நகத்தை விடுவிக்க வேண்டும். இழுத்தால் இறுக்கம் கூடும்; நகம் முறியும், வால் முதுகெலும்பில் காயம் படும். மிரண்டால் கடிக்கவும் செய்யும். நார் நறுக்கும் தாடை, தோல் கிழிந்துவிடும்.

ஓர் அடிக் குட்டி

தாயின் வயிற்றில் கரு 6 முதல் 8 மாதம் வளர்கிறது. முட்டைக் கருவை மட்டும் நம்பாமல், நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்தும் ஊட்டம் போகிறது. பிறப்பது ஒரு குட்டி, இரட்டை அரிது. பிறந்த அன்றே அதன் நீளம் ஏறக்குறைய 30 செ.மீ. முன்னே நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன ஓர் அடி இதற்குத்தான். நம் ஊரில் முழுவதும் வளர்ந்த அரணை எவ்வளவோ, இதன் பச்சைக்குட்டி அவ்வளவு. தாயின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

ஏன் இப்படி ஒரே குட்டியில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும்? சிறிய குட்டியால் இலையைச் செரிக்க முடியாது, வயிறு கொள்ளாது. பூச்சி தின்னும் இனத்தின் குஞ்சு விரல் நீளத்தில் முட்டையிலிருந்து வந்தாலும் அன்றைக்கே எறும்பையோ கரையானையோ பிடித்துப் பிழைத்துக்கொள்ளும். இலை தின்னியின் குட்டி முதல் நாளிலிருந்தே ஓரளவு பெரிய உடம்போடு இருந்தால்தான் அதற்கு வழி. பெரிய குட்டி என்றால் வயிற்றில் ஒன்றுக்குத்தான் இடம்.

பெரிய உடம்பு கிடைத்தாயிற்று, நுண்ணுயிர்? அது பிறவியில் வருவதில்லை. குட்டி, பெரியவற்றின் எச்சத்தைத் தின்று அந்த நுண்ணுயிர்களைத் தன் குடலில் குடியேற்றிக்கொள்கிறது. கேட்க அருவருப்பாக இருக்கலாம்; அது நடக்காவிட்டால் எதிரில் எவ்வளவு இலை இருந்தாலும் குட்டி மெலிந்துபோகும். கூட்டத்தின் அவசியம் இங்கே தெளிவாகத் தெரிகிறது. பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத குட்டிக்குச் செரிமானமே அமையாது.

குட்டி பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கு மேலும், கூட்டத்தோடு இருக்கும். தாய் மட்டுமில்லாமல் கூட்டத்தின் மற்றப் பெரியவையும் அதைக் காக்கும். ஊர்வனவற்றில் இது மிகவும் அபூர்வம். வெளி அரணை நுழைந்தால் சீறிக் கடித்து விரட்டும். யார் வீட்டு ஆள், யார் வெளியாள் என்பதை மணத்தால் அறிகின்றன. நாக்கை நீட்டிக் காற்றில் உள்ள மணத் துகள்களை எடுத்து, அண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பில் வைத்துச் சோதிக்கின்றன.

கணக்கு எங்கே இடிக்கிறது?

ஒரு பெண் அரணை நான்கு வயதில் பருவமடைகிறது என்றும், அதன் பின் தவறாமல் ஆண்டுக்கு ஒரு குட்டி போடுகிறது என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பத்து வயதுக்குள் ஆறு, ஏழு குட்டி. பாதி ஆண் என்று கழித்தால் பெண் மூன்று. அதில் ஒன்றிரண்டைப் பாம்பும் வேட்டைப் பறவையும் கொண்டுபோகும். தாயின் இடத்தை நிரப்பவே மிச்சம் சரியாக இருக்கிறது. ஆண்டில் ஒரு பொந்திலிருந்து இரண்டு பெரியவற்றைப் பிடித்துப் போனால் அந்தக் கூட்டம் திரும்பி எழ வழியில்லை. ஒரே ஈட்டில் பல முட்டையிடும் நம் அரணைக்கு இப்படி நிலைமை வருவதில்லை.

இந்தக் காரணத்தால்தான் செல்லப்பிராணி வியாபாரம் இதற்குப் பெரிய அடியானது. 1992-ல் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். அனுமதிச்சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கூடாது. தீவு மக்கள் இதை உணவாகவும் பிடிப்பதுண்டு. எல்லாவற்றையும் விடப் பெரிய சேதம் மரவெட்டில் வருகிறது. மரம் ஏற்றுமதி சாலமன் தீவுகளின் முக்கிய வருமானம். கொடி ஏறிய முதிர்ந்த மரம் ஒன்று சாய்ந்தால் பொந்து, தீனி, அடுத்த மரத்துக்குப் போகும் பாதை மூன்றும் ஒரே நாளில் போய்விடும். மரம் திரும்ப வளரலாம். பொந்து விழுந்து கொடி மூட எத்தனையோ பத்தாண்டு ஆகும்.

தீவில் வாழும் அரணை எவ்வளவு சீக்கிரம் இல்லாமல் போகும் என்பதற்கு, இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவின் காட்டு அரணை சாட்சி. உருவத்தில் சிறியது, தீவு முழுக்கச் சாதாரணமாகக் கிடந்தது. வெளியிலிருந்து கப்பல் சரக்கோடு வந்து சேர்ந்த ஓநாய்ப் பாம்பும் மற்ற வந்தேறிகளும் பெருகின. பிடித்து வளர்க்கப்பட்ட கடைசி அரணைக்குக் கம்ப் என்று பெயர். 2014 மே 31 அன்று இறந்தது. அதன் பின் அந்த இனத்தை யாரும் பார்க்கவில்லை.

மதுரையில் இதை வளர்க்கலாமா?

இதைக் கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், நம் ஊர்க் காற்று அதற்கு ஒத்துவராது.

அதற்கு வேண்டியது 24 முதல் 29 பாகை செல்சியஸ் வெப்பம், குளிர்காயும் இடத்தில் மட்டும் 32 அளவில், ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல். சித்திரை, வைகாசியில் மதுரை 40-ஐத் தொடும். ஊர்வனவற்றுக்கு வியர்வை கிடையாது. அறையின் சூடு அப்படியே உடம்பின் சூடாகும். ஏசி போட்டால் சூடு குறையும், கூடவே ஈரமும் போய், தோல் சரியாக உரியாமல் விரல் நுனியிலும் வால் நுனியிலும் வளையமாக இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்தும். தண்ணீர் கூலர் போட்டால் ஈரம் வரும். காற்று தேங்கும் அறையில் பூஞ்சையும் சேர்ந்து வரும்.

உணவிலும் தவறு சுலபம். பழம் அதிகமானால் குடல் நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டு வயிற்றுப்போக்கு. சத்து போதாதென்று முட்டையோ இறைச்சியோ கொடுத்தால் சிறுநீரகம் கெடும். ஒன்று தனியாக வாடுகிறதே என்று இன்னொன்றை வாங்கிவந்து சேர்த்தால், அது வெளியாள். சண்டையில் விரல் போகும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தத்தின்படி, சைட்டிஸ் பட்டியலைச் சேர்ந்த வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர் அதைத் தெரிவித்துப் பதிவுச் சான்றிதழ் வாங்க வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாமே கணக்கில் வர வேண்டும். யாராவது விற்க வந்தால் ஏற்றுமதி நாட்டின் சைட்டிஸ் அனுமதிச்சீட்டு, இந்தியாவின் இறக்குமதி உரிமம், விற்பவர் பெயரிலான பதிவுச் சான்றிதழ் மூன்றையும் கேளுங்கள். கடை ரசீது மட்டும் காட்டினால் அது கடத்தல் சரக்கு என்றே கொள்ளலாம். மாவட்ட வன அலுவலகத்துக்குச் சொல்லிவிடலாம்.

அரணையைப் பார்த்துப் பழக வேண்டும் என்ற ஆசைக்கு வேறு வழி இருக்கிறது. நாகமலை அடிவாரம், அரிட்டாபட்டி, அழகர்மலைச் சரிவு, ஊர்க் கோயில்காடு எங்கே போனாலும் காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை, வெயில் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், சருகும் கல்லும் சேர்ந்த இடத்தில் அசையாமல் நின்றால் அரணை தானாக வெளியே வரும். வீட்டுக்குள் வந்துவிட்டால் துடைப்பத்தால் அடிக்க வேண்டாம். வாலை உதறிவிட்டு பீரோவுக்கு அடியில் போய்விடும். மற்றக் கதவுகளைச் சாத்திவிட்டு வாசலை மட்டும் திறந்து வைத்து, சுவரோரமாக ஒரு அட்டையை நகர்த்திக்கொண்டே போனால், அது சுவரை ஒட்டியே ஓடி வெளியேறும்.